கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு

சிங்கப்பூர் ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் எனக்குக் கிராணி வேலை கிடைத்ததும் இரண்டு காரியங்கள் செய்தேன். ஊரில் தாய்வீட்டில் இருந்த என் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். பிறகு வீடு தேடினேன். இரண்டையும் அவசரமாகவே செய்தேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழியை யாரோ என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கிராணி என்றால் குமாஸ்தா. மலாயாப் பக்கத்தில் காதில் பென்சில் செருகிய தமிழன் எவனும் கிராணிதான். ரயில் அப்போது இந்தத் தீவுக்குப் புதிது. டேங்க் ரோட்டில் ஸ்டேஷன்; அங்கே வந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சீட்டு எழுதுவது என் வேலை. தலைக்கு மேல் கூரை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஜொகூர் தோட்டத்தில் அட்டைக்கடியோடு கிடந்தவனுக்கு இதுவே சொர்க்கம். ஆனால் தோட்டத்தில் வீட்டை அவர்களே கொடுத்தார்கள். இங்கே நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தோட்டத்து வீட்டைச் சொல்லாமல் இந்த வீட்டைச் சொல்ல முடியாது. சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் இல்லை.

புதிதாகக் காடு வெட்டி ரப்பர்க் கன்று நட்டுக்கொண்டிருந்த தோட்டம் அது. நான் மனைவியோடு போய் இறங்கியபோது துரை இரண்டு வீடுகளைக் காட்டினார். ஒன்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசியில் ஒட்டினாற்போல இருந்தது. மற்றது அரை மைல் தள்ளி ஒரு மேட்டின்மேல் தனியாக இருந்தது. நான் யோசிக்கவே இல்லை, மேட்டு வீடு என்றேன். கிராணி என்ற பட்டம் கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. லயத்து அடுப்புப் புகை என் வாசலுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். தண்ணீர் எடுக்க வந்த லயத்துப் பெண்கள் இரண்டு பேர் என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே அவளிடம், "அவங்களோட உனக்கு என்ன பேச்சு? கிராணி வீட்டுப் பொம்பளைன்னு ஒரு மரியாதை வேணாமா?" என்று சொன்னேன். அவள் அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. பேசினால் நான் கத்துவேன் என்று அவளுக்குத் தெரியும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், ஏழாம் மாதம் அவளை ஊருக்கு அனுப்பக் கப்பல் சீட்டு எழுதி வைத்திருந்தேன். குழந்தை முந்திக்கொண்டது. ஒரு முற்பகலில், நான் இரண்டு மைலுக்கு அப்பால் கன்று எண்ணிக்கொண்டிருந்தபோது, மேட்டு வீட்டில் அவள் தனியாகக் கிடந்து கூப்பிட்டிருக்கிறாள். யாருக்கும் கேட்கவில்லை. சோறு உண்ண நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. உயிர் இல்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடம்பு தேறியதும், "என்னை ஊர்ல கொண்டுபோய் விட்டுடுங்க" என்று மட்டும் சொன்னாள். ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு அனுப்பி வைத்தேன். அதன்பின் இரண்டு வருஷம், அவள் அண்ணன் கையெழுத்தில் 'நலம், நலமறிய அவா' என்று கடிதம் வரும். எப்போது வருகிறாய் என்று நான் கேட்டிருப்பேன்; அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

அதனால்தான் சிங்கப்பூர் வேலை கிடைத்ததும் அத்தனை அவசரம். இந்த முறையும் அவள் வராவிட்டால் இனி எப்போதும் வரமாட்டாள் என்று எனக்குப் பட்டது. பதில் கடிதம் வந்தது. அண்ணன் கையெழுத்தில் வழக்கமான விசாரிப்புகள். அடியில், கோணல் மாணலாக, அவளே எழுதிய மூன்று வரிகள்: 'வருகிறேன். கூப்பிட்டால் குரல் கேட்கிற இடமாகப் பாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.'

படித்துவிட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், மறுபடி எடுத்தேன். இந்த முறை மேடும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம், ஜனங்களுக்கு நடுவில் இருக்கலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

அக்காலத்தில் சிங்கப்பூரில் இறங்கும் தமிழன் முதலில் தேடுவது ஊர்க்காரனைத்தான். ஊர்க்காரன் கிடைத்தால் பாய் விரிக்க இடம் கிடைக்கும், இடம் கிடைத்தால் வேலை கிடைக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வீடு, ஒரு சந்து இருந்தது. எங்கள் தாலுகாக்காரர்கள் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தார்கள்; நானும் அங்கேதான் பாய் விரித்திருந்தேன். அங்கே மாட்டுவண்டிப் பட்டறை ஒன்றின் மேஸ்திரிதான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் போகாதவர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், குரல்தான் பெரிது.

மனைவி வரப்போகிறாள் என்று சொன்னதும் அண்ணன் தன் வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சந்தின் நடுவில், கீழ்த்தளத்தில் ஒரு அறையும் சமையற்கட்டும் காலியாக இருந்தன. அன்றைக்கே பேசி முடித்தார். மறு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் கூடி எனக்காகச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் நின்றால் கோயில் மணி கேட்கும். எதிர்க் கடையில் தோசைக் கல் எந்நேரமும் காய்ந்துகொண்டிருக்கும். பேச்செல்லாம் நம் ஊர்ப் பேச்சு. 'கூப்பிட்டால் முந்நூறு பேருக்குக் கேட்கும். அத்தனையும் நம் ஜனம்' என்று மனைவிக்கு எழுதினேன். அந்த வரி எனக்கே மிகவும் பிடித்துப்போய், தபாலில் போடுவதற்கு முன் சந்தில் சத்தமாகப் படித்தும் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவளும் அவள் அண்ணனும் வருகிற கப்பலைக் குறித்துப் பதில் வந்தது. இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம் இருந்தது. நான் அம்மி வாங்கினேன், குடம் வாங்கினேன், அடுப்பு வாங்கினேன். ஒரு சாயங்காலம் கோலமாவு நினைவுக்கு வந்தது. தோட்டத்து வீட்டில்கூட, பார்க்க ஆளே இல்லாத அந்த மேட்டிலும் அவள் தினமும் கோலம் போட்டாள். சந்து முனை மளிகைக் கடையில் போய்க் கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோலமாவா? எதுக்கு?"

"கோலம் போடத்தான்."

"யாரு, நீயா?" என்று கேட்டுவிட்டு, தராசைக் கீழே வைத்துச் சிரித்தார். "இந்தக் கடை போட்டு ஒம்பது வருஷம் ஆச்சு தம்பி. ஒருத்தன் வந்து இதக் கேட்டதில்ல."

கோபமாகத் திரும்பினேன். எனக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது. ஆனால் சந்துக்குள் நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டேன். ஒரு வாசலைப் பார்த்தேன். அடுத்த வாசலைப் பார்த்தேன். சந்தின் கடைசி வரை போய் மறு பக்கமாகத் திரும்பி வந்தேன். ஒரு வாசலிலும் கோலம் இல்லை. புதிதும் இல்லை, நேற்றைய அழிந்த கோலமும் இல்லை. அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் கொடியில் வேட்டி, துண்டு, கோவணம். ஒரு புடவை இல்லை, ஒரு பாவாடை இல்லை, குழந்தைத் துணி இல்லை.

இரண்டு மாதம் அங்கே தங்கியிருக்கிறேன். முந்நூறு பேர் என்று எண்ணியும் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் ஆண்கள். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. தமிழ் பேசினால் ஜனம், கோயில் இருந்தால் ஊர் என்று நினைத்துவிட்டேன்.

அவள் கூப்பிட்டால் முந்நூறு பேருக்கும் கேட்கும், உண்மைதான். முந்நூறு பேரும் ஓடியும் வருவார்கள். வந்து வாசலோடு நிற்பார்கள். ஒருவன் ரிக்ஷா பிடிக்க ஓடுவான், இன்னொருவன் என்னைத் தேடி ஸ்டேஷனுக்கு ஓடுவான். உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவனால்கூட முடியாது. சுண்ணாம்பு வாசனை போகாத அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். தோட்டத்து மேட்டு வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஜனக்கூட்டத்தின் நடுவில் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

என்மேல் வந்த கோபத்தை வழக்கம்போல வேறு ஒருவர்மேல் காட்டப் போனேன். அண்ணன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தச் சந்துல பொம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "முன்னால ஒரு தயிர்க்காரம்மா இருந்துச்சு. ஊருக்குப் போயிருச்சே."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே தம்பி. ஏன், நாங்கல்லாம் இல்லையா? தங்கச்சிக்கு ஒண்ணுன்னா உசுரக் கொடுக்க மாட்டமா?"

"உசுர வச்சு என்னண்ணே பண்றது? உள்ள போக ஆள் வேணாமா?"

அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் முகம் சுருங்கியது. நான் அதோடு விட்டிருக்கலாம். வேறு இடம் பார்க்கப் போகிறேன் என்று அப்போதே சொன்னேன்.

"எங்க போய்ப் பாப்ப? வேத்து ஜனத்துக்கு நடுவுலயா? பாஷை தெரியாத இடத்துல கொண்டுபோய் வச்சா, கூப்பிட்டாத்தான் யாருக்குப் புரியும்? ஊரோட ஒத்து வாழ்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். பிறகு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு, "சுண்ணாம்பு அடிச்ச பயலுவகிட்ட நீயே சொல்லிக்க" என்றார். அதன்பின் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சந்தில் என்னைக் கண்டால் முந்நூறு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

வேலை முடிந்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தேன். யாரைக் கேட்பது? 'உங்கள் தெருவில் பெண்கள் இருக்கிறார்களா' என்று ஒருவன் வந்து விசாரித்தால் அடிதான் விழும். அதனால் கொடியைப் பார்த்து வீடு தேடினேன். கொடியில் பெண் துணி தொங்கினால் நிற்பேன், இல்லையென்றால் போவேன். சலவைத்துறையான டோபி காட் பக்கம் திரும்பியபோது புல்வெளி முழுக்கப் பாவாடைகளும் மேலங்கிகளும் காற்றில் ஆடுவதைப் பார்த்து ஒரு கணம் மலைத்தேன். இத்தனை பெண்களா என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிறகுதான் அவை அத்தனையும் வெள்ளைக்கார அம்மாக்கள் வெளுக்கப் போட்டவை, வெளுக்கிறவர்கள் ஆண்கள் என்று உறைத்தது. அன்று பெய்த மழையில் நனைந்துகொண்டே திரும்பினேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் போனேன். ரோட்டுக்குப் பின்னால், ஓலைக்கூரை போட்ட பலகை வீடுகள் பத்துப் பன்னிரண்டு கூட்டமாக நின்றன. கொடிகளில் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பூப்போட்ட சாரோங்குகள், சின்னச் சின்னச் சட்டைகள், ஒரு பழைய சுங்கடிப் புடவைகூட இருந்தது. மூட்டை எண்ணுகிறவன் புத்தி போகுமா? அங்கேயே நின்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரை எண்ணியிருப்பேன். எட்டாவதாக என் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் வந்து விழுந்தது.

மலாய்க்காரப் பெண் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், காலிச் செம்போடு கிணற்றடியில் நின்று என்னை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். வீட்டு முகப்பில் இருந்த சின்னக் கடையிலிருந்து அவள் கணவர் வெளியே வந்தார். தொப்பியும் கட்டம்போட்ட கைலியுமாக இருந்தார். நாகூர்ப் பக்கத்துத் தமிழ்.

"யாருய்யா நீ? பொம்பளைங்க துணியில என்ன கணக்கு?"

"வீடு பாக்க வந்தேன் பாய்."

"வீடு கீழ இருக்கு. நீ மேல பாத்துக்கிட்டு நிக்கிற."

ஏதாவது ஒரு பொய் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறபோது பொய் வரவில்லை. சந்து, கோலம் எல்லாவற்றையும் சொன்னேன். அதோடு நிறுத்த முடியாமல் தோட்டத்தையும், மேட்டு வீட்டையும், குழந்தையையும் சொன்னேன். அதுவரை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. முன்பின் தெரியாத மனிதரிடம், நடுவழியில் நின்று சொல்லி முடித்தேன். பாய் மனைவி பக்கம் திரும்பி மலாயில் சொன்னார். அவள் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"தண்ணி ஊத்தினதுக்கு வருத்தம் இல்லையாம். துணிய எண்ணுறது தப்புதானாம்" என்றார் பாய். "ஆனா பக்கத்து வீடு காலியா இருக்குன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னா. வந்து பாரு லா, கிராணியாரே" என்று மலாய்க்காரர் வாயில் வருகிற 'லா'வைச் சேர்த்துச் சொன்னார்.

அந்த வீட்டுக்கு நாலு படி. ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் சமையற்கட்டு. ஓலையில் இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. கால்வாயில் தண்ணீர் வற்றும் நேரம்போல, வாடை மூக்கைத் துளைத்தது. ஸ்டேஷனுக்கு இங்கிருந்து நடை அதிகம். சிங்கப்பூரில் நான் பார்த்த வீடுகளில் இதுதான் மோசம் என்றுகூடச் சொல்வேன். எனக்கு அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை.

"பாய், நான் உள்ள போய்க் கூப்பிட்டுப் பாக்கலாமா?"

"எதுக்கு?"

"கேக்குதான்னு பாக்க."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "கூப்பிட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு, கடையில் யாரோ நிற்கிறார்கள் என்று போய்விட்டார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கட்டில் போட்டால் எங்கே வரும் என்று பார்த்து அந்த இடத்தில் நின்றேன். நாற்பது ஏக்கருக்கு அப்பால் நிற்கிறவனை அதட்டியவன் நான். அன்று தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. அவள் அன்றைக்கு என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்? இரண்டு வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "யாராச்சும் வாங்களேன்" என்றேன். மறுபடியும், கொஞ்சம் உரக்க, "யாராச்சும் வாங்களேன்" என்றேன்.

பின்கதவு படாரென்று திறந்தது. பாயின் மனைவி அகப்பையோடு வந்து நின்றாள், அதிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, விளக்குமாற்றோடு ஒருத்தி. நான்காவதாக, படியேற மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பருத்த சீனத்தி. பாம்பு என்று நினைத்து வந்திருக்கிறார்கள். சொன்னது ஒருத்திக்கும் புரிந்திருக்காது. குரலைக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

காலி அறையின் நடுவில் ஒருவன் நின்று அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார்கள். ஆம், அழுதேன். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? இரண்டு வருஷமாக அழாததும் சேர்த்து அழுதேன். பாய் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி அவரை நன்றாகத் திட்டினாள். குழம்பு அடிபிடித்துவிட்டது என்பதுதான் அதில் முக்கியமான பகுதி என்று பிறகு சொன்னார்.

குடிபோகும் நாளில் சந்தில் யாரையும் நான் உதவிக்குக் கூப்பிடவில்லை. அம்மியை எப்படித் தூக்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, அண்ணன் தன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அம்மியையும் குடத்தையும் ஏற்றினார். வழி முழுக்க மாட்டோடுதான் பேசினார். ரோச்சோர் வந்ததும் கிணற்றடியில் பெண்கள் கூட்டமாகத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு சாமானை இறக்கினார். இறக்கி முடித்துவிட்டு, "ஓல ஒழுகுது. நாளைக்கு ரெண்டு பயலுவள அனுப்புறேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுடா, விடுடா என்று உதறிவிட்டுப் போனார்.

கப்பல் வந்த அன்று துறைமுகத்துக்குச் சந்தே திரண்டு வந்திருந்தது. என் மனைவி தன் அண்ணனின் பின்னால், ஒரு தகரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். இளைத்திருந்தாள். நம் ஊர் மனிதர்கள் மரியாதையான தூரத்தில் வரிசையாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் முன்னால் வந்து, "ஊர்ல இந்த வருஷம் மழ உண்டாம்மா?" என்று கேட்டார். உண்டு என்று அவள் சொன்னதும், ஏதோ தன் பெண்டாட்டியே சொல்லியனுப்பியதுபோல முகம் மலர்ந்து பின்வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கூடத்தைப் பார்க்கவில்லை, அறையைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். எதிரே பத்தடி தூரத்தில் பாயின் மனைவி அடுப்பின்முன் நின்றிருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூப்பிட்டா கேக்குமா?" என்று என் மனைவி என்னைக் கேட்டாள்.

"கேக்கும்."

"எப்படித் தெரியும்?"

"நான் கூப்பிட்டுப் பாத்தேன்."

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கொடி, செம்புத் தண்ணீர், குழம்பு சொட்டிய அகப்பை எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன். "என்னன்னு கூப்பிட்டீங்க?" என்றாள். யாராச்சும் வாங்களேன் என்று கூப்பிட்டதைச் சொன்னேன்.

அவள் சிரிப்பு நின்றது. "நான் அப்படிக் கூப்பிடல. எனக்குத்தான் அங்க யாரையும் தெரியாதே" என்றாள். பின்கதவைப் பிடித்தபடி, "ஏங்க, ஏங்கன்னுதான் கூப்பிட்டேன்" என்றாள்.

அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். மேலேயே ஒரு பொட்டலம் இருந்தது, கோலமாவு. இங்கே கிடைக்காது என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் காலை நாலு படிக்குக் கீழே, ஈர மண்ணில் கோலம் போட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மிதிக்காமல் சுற்றி நடந்தார்கள். கூட வந்த அவள் அண்ணன் அடுத்த கப்பலில் ஊர் திரும்பினார். மேஸ்திரி அண்ணனின் வண்டி அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசல் வழியாகவே போயிற்று. வண்டிப் பட்டறைக்கு அது சுற்றுவழி.

மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. என் மனைவி பாயின் மனைவியை முதல் நாளே அக்கா என்றாள், அவளும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தி தமிழில் பேசுவாள், மற்றவள் மலாயில் பதில் சொல்வாள். இருவரும் சண்டைகூடப் போட்டார்கள். மிளகாய்ச் சம்பால் எப்படி அரைப்பது என்பதில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. நான் யாரோடு பேசலாம், யாரோடு பேசக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

மறு வருஷம், அவளுக்கு மாதம் நிறைந்திருந்த ஒரு பகல் வேளை. சர்க்கரை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பாய் கொட்டகை வாசலில் வந்து நின்று கையை ஆட்டினார். தொப்பி இல்லாமல் அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "ரிக்ஷா வெளிய நிக்குது, வா" என்றார். ஓடி ஏறினேன். தோட்டத்து மேட்டில் ஏறிப்போன அந்தப் பகல் என்னை விடவில்லை. கையில் சீட்டுப் புத்தகம் இருப்பதே வீடு வந்தபோதுதான் தெரிந்தது.

நாலு படியிலும் செருப்புகள், மரக்கட்டை மிதியடிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு வாளி. ஏறி உள்ளே போகப் பார்த்தேன். பாயின் மனைவி, அந்த அகப்பைக்காரி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். தமிழில், அவளுக்குத் தெரிந்த ஐந்தாறு வார்த்தைகளில் ஒன்றைச் சொன்னாள்: "போ." அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். அறை முழுக்கப் பெண்கள். சீனத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் மனைவியின் குரல் கேட்டது. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். அகப்பைக்காரி கதவை என் முகத்தில் சாத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

கிணற்றடியில் போய் நின்றேன். பாய் வந்து பக்கத்தில் நின்றார். எப்படித் தெரிந்ததோ, அண்ணனும் வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு வந்து, கொஞ்சம் தள்ளித் தலைகுனிந்து நின்றார். நான் தேடித் தேடிப் பிடித்த வீட்டில் எனக்கு நிற்க இடம் இல்லை. அந்தப் பயத்திலும் அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். உள்ளே தமிழும் மலாயும் சீனமும் ஒரே நேரத்தில் கேட்டன. பிறகு எல்லாக் குரல்களும் அடங்கின. பிறகு புதிதாக ஒரு குரல், கோபமாக, வீறிட்டுக் கேட்டது. "குழந்தைக்கு உன் சுபாவம்" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

கதவு உடனே திறக்கவில்லை. நான் கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து, "ஏங்க" என்று என் மனைவி கூப்பிட்டாள். களைத்துப்போன குரல், மெதுவாகத்தான் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது.